பேனல் ஏழரை அடி, சாய்வு 13 டிகிரி: பின்கால் எவ்வளவு உயரம்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று ஆனபிறகு, மொட்டை மாடியில் சோலார் போடுவதைப் பற்றி விசாரிக்காத வீடு குறைவு. கொட்டேஷன் தாளில் எங்காவது ஒரு வரி இருக்கும்: 'தெற்கு நோக்கி, 13 டிகிரி சாய்வு'. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே சுமார் 13 டிகிரியில் இருப்பதால் அந்த எண். மதுரை என்றால் 10, கன்னியாகுமரி என்றால் 8 என்று அட்சரேகையை ஒட்டியே வைப்பார்கள்.

ஆனால் ஸ்டாண்டு அடிக்கிற வெல்டரிடம் போய் 13 டிகிரி என்று சொன்னால், "அதெல்லாம் சரி, பின்கால் எத்தனை அடி வெட்டணும்?" என்றுதான் கேட்பார். அவர் கையில் இருப்பது டேப். டேப்பில் டிகிரி கிடையாது. டிகிரியை அடி அங்குலமாக மாற்றுகிற வேலைக்குத்தான் முக்கோணவியல் என்று பெயர். பத்தாம் வகுப்பில் எல்லோரும் போட்டு, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிட்ட அதே பாடம்.

## முதலில் பெயர்களைச் சரியாகப் பிடிக்க வேண்டும்

சாய்ந்த பேனலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பேனல் ஒரு சாய்கோடு. அதன் கீழ்முனையிலிருந்து படுக்கையாக ஒரு கோடு, மேல்முனையிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 90 டிகிரி. செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது.

1. கர்ணம்: 90 டிகிரிக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம். மூன்றிலும் இதுதான் நீளமானது. இங்கே பேனலே கர்ணம். (இலங்கைப் பாடப் புத்தகங்களில் இதற்குச் செம்பக்கம் என்று பெயர்.)
2. எதிர்ப்பக்கம்: நாம் பேசுகிற கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம். 13 டிகிரிக்கு எதிரே இருப்பது செங்குத்து உயரம்.
3. அடுத்துள்ள பக்கம்: அந்தக் கோணத்தை ஒட்டி இருக்கிற, கர்ணம் அல்லாத பக்கம். இங்கே தளத்தில் பேனல் அடைக்கும் நீளம்.

முதலாவது எப்போதும் மாறாது. பின்னிரண்டும் கோணத்தைப் பொறுத்தவை. அதே முக்கோணத்தில் மேல்முனையில் இருக்கும் 77 டிகிரியை எடுத்துக்கொண்டால் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் இடம் மாறிக்கொள்ளும். உயரமாக நிற்பதுதான் எதிர்ப்பக்கம், படுத்திருப்பதுதான் அடுத்துள்ள பக்கம் என்று மனப்பாடம் பண்ணியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சூத்திரத்தை மறந்து போடும் தப்பைவிட, பெயரை மாற்றிப் போட்டுப் போடும் தப்பு அதிகம்.

## ஒரு கோணமும் ஒரு பக்கமும் எப்படிப் போதுமானதாகிறது?

பள்ளியில் அவசரமாகத் தாண்டிவிடுகிற இடம் இது, ஆனால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கோணம் 90, இன்னொன்று 13 என்றால் மூன்றாவது 77 ஆகத்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் மூன்றும் சேர்ந்து 180. ஆக முக்கோணத்தின் உருவம் முடிவாகிவிட்டது. அளவு மட்டும்தான் பாக்கி. நோட்டில் வரைந்தாலும் மாடியில் கட்டினாலும் ஒன்று மற்றொன்றின் பெரிதாக்கிய நகல், அவ்வளவுதான். நகலில் எல்லாப் பக்கமும் ஒரே மடங்காகப் பெருகும், அதனால் ஒரு பக்கத்தை இன்னொன்றால் வகுத்து வரும் எண் மாறவே மாறாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு தாளில் பாகைமானியை வைத்து 13 டிகிரி குறித்து, அந்தச் சாய்வில் சரியாக 10 செ.மீ. கோடு போட்டு, அதன் நுனியிலிருந்து அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக இறக்கி அளந்து பாருங்கள். இரண்டேகால் செ.மீ. வரும். 2.25-ஐ 10-ஆல் வகுத்தால் 0.225. அதுதான் சைன் 13. கால்குலேட்டரில் சைன் பொத்தானை அழுத்தும்போது நடப்பதும் இதுவே: நீங்கள் வரைய வேண்டிய படத்தை அது துல்லியமாக வரைந்து, அளந்து, வகுத்து எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறது.

இந்த எண்களை அட்டவணையாகப் போட்டு வைப்பது பழைய வழக்கம். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் கொடுத்த பட்டியலில், மூன்றே முக்கால் டிகிரி இடைவெளியில் 90 டிகிரி வரை 24 மதிப்புகள் உண்டு. வட்டத்தின் ஆரத்தை, அதாவது நம் கர்ணத்தை, 3438 என்று வைத்துக்கொண்டார். முதல் மதிப்பு 225. வகுத்தால் 0.06545, இன்றைய கால்குலேட்டர் சொல்வது 0.06540. அவர் காலத்துச் சொல் ஜ்யா, அதாவது வில்லின் நாண். நம் புத்தகத்தில் வட்டத்தின் நாண் என்று படிக்கிறோமே, அதே உவமைதான். அரபிக்குப் போனபோது ஜீபா ஆகி, அங்கே எழுதும் முறையில் உயிரெழுத்து விடுபட்டு ஜைப் என்று படிக்கப்பட்டு, அதற்கு மடிப்பு, குழிவு என்ற பொருள் இருந்ததால் லத்தீனில் அதே பொருள் தரும் சைனஸ் ஆகி, கடைசியில் சைன் என்று நம்மிடமே திரும்பி வந்தது. மூக்கடைப்பு சைனஸும் கணக்கு சைனும் ஒரே சொல் என்பது இப்படித்தான்.

## மூன்று விகிதங்கள், எது எப்போது

1. சைன் = எதிர்ப்பக்கம் ÷ கர்ணம்
2. கோசைன் = அடுத்துள்ள பக்கம் ÷ கர்ணம்
3. டேன் = எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் தந்திரம் ஒன்றும் இல்லை. தெரிந்த பக்கத்தின் பெயரை எழுதுங்கள், வேண்டிய பக்கத்தின் பெயரை எழுதுங்கள். இந்த இரண்டு பெயரும் எந்த விகிதத்தில் சேர்ந்து வருகிறதோ அதுதான். மூன்றாவது பக்கத்துக்கு அந்தக் கணக்கில் வேலையே இல்லை, அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

ஒருவேளை இரண்டு பக்கம் ஏற்கெனவே தெரியும் என்றால் சைனும் வேண்டாம் கோசைனும் வேண்டாம், பிதாகரஸ் தேற்றமே போதும். முக்கோணவியல் தேவைப்படுவது கையில் ஒரே ஒரு பக்கமும் ஒரு கோணமும் இருக்கும்போது.

## மாடியில் போட்டுப் பார்ப்போம்

540 வாட் வகைப் பேனலின் நீளம் சுமார் 2.28 மீட்டர், அதாவது ஏழரை அடி. நீளவாட்டில் சாய்த்து வைக்கிறோம் என்று கொள்வோம்.

பின்கால்: தெரிந்தது கர்ணம், வேண்டியது எதிர்ப்பக்கம். இரண்டும் சேர்ந்து வருவது சைனில். 7.5 × 0.225 = 1.69 அடி. முன்கால் 3 அடி என்றால் பின்கால் 4.69 அடி. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: 4.69 அடி என்பது 4 அடி 69 ஏதோவோ, 4 அடி 6.9 அங்குலமோ இல்லை. 0.69-ஐ 12-ஆல் பெருக்க வேண்டும். 8 அங்குலம் சொச்சம். ஆக 4 அடி 8 அங்குலம். கணக்கு சரியாகப் போட்டுவிட்டு இந்தக் கடைசிப் படியில் இரும்பைக் குறைத்து வெட்டிவிட்டால் ஒட்டவா முடியும்?

தளத்தில் அடைக்கும் இடம்: கர்ணம் தெரியும், அடுத்துள்ள பக்கம் வேண்டும். கோசைன். 7.5 × 0.974 = 7.31 அடி. சாய்த்து வைத்ததால் மிச்சமானது இரண்டேகால் அங்குலம்தான், எனவே 'சாய்த்தால் இடம் மிச்சமாகும்' என்று கணக்குப் போட வேண்டாம்.

சரிபார்ப்பு: 7.31-இன் வர்க்கம் 53.4, 1.69-இன் வர்க்கம் 2.86. கூட்டினால் 56.3. ஏழரையின் வர்க்கம் 56.25. பொருந்துகிறது.

நிழல்: மாடியில் 8 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதற்கு வடக்கே பேனல். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? டிசம்பர் 21-ஐ ஒட்டித்தான் சூரியன் தெற்கே மிகவும், பூமத்திய ரேகைக்கு 23.5 டிகிரி தெற்கு வரை, சாய்ந்திருக்கும். சென்னையில் அன்று உச்சிவேளையில் அதன் உயரம் 90 − 13 − 23.5 = 53.5 டிகிரி. தொட்டி எதிர்ப்பக்கம், நிழல் அடுத்துள்ள பக்கம், ஆகவே டேன். டேன் 53.5 = 1.35. அதாவது 8 ÷ நிழல் = 1.35.

கவனியுங்கள், தேடுகிற பக்கம் இங்கே கீழே, வகுக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 8 ÷ 1.35 = 5.9 அடி. ஆறடி தள்ளினால் போதுமா? உச்சிவேளைக்குப் போதும். காலையில் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதே தொட்டியின் நிழல் 8 ÷ 0.577, கிட்டத்தட்ட 14 அடி, அதுவும் மேற்குப் பக்கம் சாய்ந்து விழும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தால்கூட உற்பத்தி குறையும் என்பதால் சாய்வைவிட இந்தக் கணக்குதான் பணத்தைத் தீர்மானிக்கும். சாய்வில் ஒரு டிகிரி கூடக்குறைய ஆனால் பில்லில் தெரியாது.

வகுக்க வேண்டிய இடத்துக்கு இன்னொன்று, ஏணி. சுவரில் 12 அடி உயரத்தைத் தொட வேண்டும், தரையோடு 75 டிகிரியில் சாய்க்கிறோம். ஏணி கர்ணம்: 12 ÷ 0.966 = 12.4 அடி. ஏணியின் கால் சுவரிலிருந்து 12 ÷ 3.73 = 3.2 அடி. 'நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வை' என்கிற பாதுகாப்பு விதி இந்த 75 டிகிரிதான், வேறில்லை.

விடை வந்ததும் ஒரு நொடி பார்க்க வேண்டியது: கர்ணத்தை நீளமாகத் தந்திருக்கிறதா? ஏணி 11.6 அடி என்று வந்திருந்தால் வகுக்காமல் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். 12 அடிச் சுவரைச் சாய்ந்து தொடும் ஏணி 12 அடியைவிடச் சின்னதாக இருக்க வழியில்லை.

## விடை தப்பாக வருவதற்கான காரணங்கள்

முதல் குற்றவாளி கால்குலேட்டர். கோணத்தை அளக்க டிகிரி ஒரு முறை, ரேடியன் இன்னொரு முறை. ஒரு ரேடியன் சுமார் 57.3 டிகிரி. கருவி ரேடியனில் இருந்தால் சைன் 13 என்று அடித்ததும் 0.42 காட்டும். பயங்கரம் என்னவென்றால் இது பார்த்தால் தப்பு மாதிரியே தெரியாது, 7.5 × 0.42 = 3.15 அடி என்று சாதுவாக ஒரு விடை வரும், வெல்டரும் வெட்டிக் கொடுத்துவிடுவார், பேனல் 25 டிகிரியில் நிற்கும். எக்செல்லும் ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும், அங்கே ரேடியன்ஸ் என்கிற ஃபங்ஷனுக்குள் கோணத்தைப் போட்டுத்தான் சைனுக்கு அனுப்ப வேண்டும். சோதனை எளிது: சைன் 30 அடியுங்கள், 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது.

இரண்டாவது, எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்பது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 216 அடி என்பார்கள். அடிப்பக்கம் கிட்டத்தட்ட 100 அடிச் சதுரம். விமானச் சுவரிலிருந்து 100 அடி தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறோம், ஏற்றக்கோணம் (கண்மட்டத்திலிருந்து உச்சி வரை) 54.6 டிகிரி வருகிறது, டேன் 1.407. 100 × 1.407 = 140.7, இதோடு கண் உயரம் 5 அடி சேர்த்து 146 அடி என்று முடித்துவிட்டால் விமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஏன்? செங்கோணம் சுவரில் இல்லை. உச்சிக்கு நேர் கீழே, கருவறைக்குள் இருக்கிறது. சுவரிலிருந்து அது இன்னும் 50 அடி. 150 × 1.407 = 211, கண் உயரம் 5, மொத்தம் 216. தென்னை மரத்துக்கு இந்தச் சிக்கல் வராது. மலைக்கும் கோபுரத்துக்கும் வரும்.

மூன்றாவது, எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. 57 மீட்டர் உயரமான ஒன்றைப் பத்து மீட்டரில் நின்று பார்த்தால் கோணம் 80 டிகிரி. கோணத்தை ஒரே ஒரு டிகிரி தப்பாக, 81 என்று படித்துவிட்டால் விடை 63 மீட்டருக்குத் தாவும். 11 சதவீதப் பிழை. தூரமாகப் போய் 45 டிகிரியில் பார்த்தால் அதே ஒரு டிகிரித் தவறு மூன்றரை சதவீதம்தான் கெடுக்கும். இன்னும் தூரம் போய் 5 டிகிரியில் பார்த்தால் மறுபடியும் பிழை 20 சதவீதம். அண்ணாந்து பார்த்தாலும் கெடும், அடிவானத்தில் வைத்துப் பார்த்தாலும் கெடும், 45-ஐ ஒட்டி நில்லுங்கள்.

## பரங்கிமலையில் ஒரு பக்கம்

எவ்வளவு கோணம் அளந்தாலும் நீளம் கிடைக்காது, ஒரு பக்கத்தையாவது நிஜமாக டேப் பிடித்து அளந்தே ஆக வேண்டும். இதைப் பிரம்மாண்டமாகச் செய்தது 1802-இல், சென்னையில். இந்தியாவை அளக்கக் கிளம்பிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர் நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். அந்த ஒரு பக்கம் கைக்கு வந்தபின் மற்றதெல்லாம் கோணங்கள்: இரு முனையிலிருந்தும் மூன்றாவது இடத்தைப் பார்த்துக் கோணம் எடு, முக்கோணத்தைத் தீர், கிடைத்த புதுப் பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாக்கு. அவை செங்கோண முக்கோணங்களாக இருக்கவில்லை, ஆனால் அதனால் ஒன்றும் கெடவில்லை. எந்த முக்கோணத்திலும் ஓர் உச்சியிலிருந்து செங்குத்துக் கோடு இறக்கினால் செங்கோண முக்கோணங்களாகத்தான் பிரியும்.

காவிரிச் சமவெளிக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க மலை இல்லை. கோயில் கோபுரங்கள்தான் மலை. 1808-இல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் குறித்த வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். அதே முக்கோணச் சங்கிலி வடக்கே நீண்டுபோய், 1856-இல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் ராதாநாத் சிக்தார். நேபாளத்துக்குள் கால் வைக்க அனுமதி இல்லாததால் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து எடுத்த கோணங்கள் அவை. 2020-இல் அறிவித்த 8848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 9 மீட்டர்.

## அப்புறம் அந்தப் பழைய பாட்டு

கர்ணம் என்ற சொல்லை எடுத்தாலே யாராவது ஒருவர் போதையனார் பெயரில் சுற்றும் பாட்டைக் கொண்டுவந்து, 'வர்க்கமூலமே இல்லாமல் தமிழன் கர்ணம் கண்டுபிடித்தான்' என்பார். அதன் கணக்கு இது: நீளப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். 4-க்கும் 3-க்கும் போட்டால் 3.5 + 1.5 = 5, சரி. 12-க்கும் 5-க்கும் 10.5 + 2.5 = 13, இதுவும் சரி. பகிர்கிறவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது நம்மிடம் கருவி இருக்கிறது, சோதிக்கலாம். கர்ணத்தை 1 என்று வைத்தால் நீளப் பக்கம் கோசைன், குட்டைப் பக்கம் சைன். பாட்டின் விடை 0.875 × கோசைன் + 0.5 × சைன். உண்மையான விடை 1.

1. 22.6 டிகிரியிலும் 36.9 டிகிரியிலும் துல்லியமாக 1 வருகிறது. அவைதான் 5-12-13, 3-4-5 முக்கோணங்களின் கோணங்கள். வேறெங்கும் வராது.
2. இந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாக வரும், அதிகபட்சம் 0.8 சதவீதம்.
3. 45 டிகிரியில் 2.8 சதவீதம் குறையும்: பத்துக்குப் பத்து அறையின் மூலைவிட்டம் 14.14 அடி, பாட்டு சொல்வது 13.75.
4. கோணம் சிறிதாகச் சிறிதாக மோசமாகி, படுத்தேவிட்டால் எட்டில் ஒரு பங்கு காணாமல் போகும்.

ஆக இது தேற்றம் இல்லை, நல்ல தோராயம். யார் கட்டியிருந்தாலும் கெட்டிக்காரர்தான். ஓட்டுக்கூரைச் சாய்வுகள் பலவும் 20-க்கும் 40-க்கும் நடுவே இருப்பதால், மனக்கணக்கில் மரம் அறுப்பவருக்கு இது பிரமாதமான குறுக்குவழி. பிதாகரஸை இது தோற்கடித்துவிட்டது என்கிற பேச்சைத்தான் விட்டுவிட வேண்டும். நம் மாடிப் பேனலுக்கே போட்டுப் பாருங்கள்: 7.31-இல் எட்டில் ஏழு 6.40, 1.69-இல் பாதி 0.85, மொத்தம் 7.25 அடி. நிஜப் பேனல் ஏழரை அடி. 3 அங்குலம் குறைகிறது, அந்த அளவுக்கு ஃபிரேம் வெட்டினால் பேனலின் நுனி ஃபிரேமைத் தாண்டித்தான் நிற்கும்.